மஞ்சுக் கிரகத்தில் பிறை

போன வெள்ளிக்கிழமை என் மகள் நஸ்ரின் என்னைச் சோபாவில் உட்காரவைத்து விண்வெளித் தொடர் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பத்துப் பாகமாம். கோடி கோடியாகக் கொட்டி எடுத்திருக்கிறார்களாம். எடுத்த எடுப்பில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது: ‘சுழற்சி 7, அலகு 412.9.’ எனக்கு அப்போதே குமட்ட ஆரம்பித்துவிட்டது.

“அதென்னடி அது?”

“அவங்க தேதி அத்தா. கற்பனைக் காலண்டரு. சும்மா பாருங்க.”

“சுழற்சின்னா மாசமா, வருசமா?”

“அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க அத்தா.”

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறான்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் முன்கோபி, ஒப்புக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் ஒரு கிரகத்துக்குக் காலண்டர் போட்டுக் கொடுத்தவன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இந்தத் தொடர்களை எடுப்பவர்கள் தேதியில் செய்கிற தில்லுமுல்லு எனக்கு அத்துப்படி. எந்த வருஷத்துக் கதை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதற்காகக் கேப்டன் வாயில் நீளமாக ஒரு நம்பரைத் திணித்து, நடுவில் ஒரு புள்ளியையும் வைத்துவிடுவார்கள். புள்ளி வைத்தால் விஞ்ஞானம் ஆகிவிடுகிறதாம். நாலாம் பாகத்தை முதலிலும் முதல் பாகத்தைக் கடைசியிலும் ஒளிபரப்பினால்கூட ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நம்பரால் ஆகிற பிரயோஜனம் அவ்வளவுதான். இன்னும் சிலர் பூமி வெடித்துச் சிதறிய நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பார்கள். வேறு சிலர் நம்முடைய வாரத்தையே எடுத்துப் பத்து நாளாக இழுத்து, கிழமைகளுக்கு வாயில் நுழையாத பேர் வைத்து, புது உலகத்தையே படைத்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். இவர்கள் கப்பலில் ஒரு மனுஷன் இன்றைக்கு என்ன தேதி என்று தெரியாமல் தவித்து நான் பார்த்ததில்லை. தேதிக்காகச் சண்டை கிடையாது. ஒரு நாள் தள்ளிப்போய்விட்டதே என்று அழுகிறவர்கள் கிடையாது. தேதி அதுபாட்டுக்குத் திரையில் வந்து விழுகிறது. த்தூ.

போதாக்குறைக்கு நஸ்ரின் ஏலக்காய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தாள். ஏலக்காய்க்கும் அந்த வாசனைக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, எல்லாம் எசன்ஸ். போடியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது குடலைப் பிரட்டும். எங்கள் அத்தா கடையில் நல்ல காயின் மணம்தான் அடிக்கும். அதற்காக ஊரே யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். காயைப் பச்சையாகக் காட்டச் சாயம் தோய்த்து விற்ற ஆட்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களுடைய விரல் நுனி எந்நேரமும் பச்சையாக இருக்கும். அந்தக் கையால் டீ கிளாஸை நீட்டினால் நான் வாங்கவே மாட்டேன்.

கடைக்குப் பக்கவாட்டில் ஒரு மரப்படி. ஏறிப் போனால் ஏலக்காய் மணம் அடங்கி, சூடேறிய வயரும் பீடிப் புகையும் கலந்த நாற்றம் ஆரம்பிக்கும். அதுதான் குமரேசனின் லோக்கல் கேபிள் சேனல். குமரேசன் கல்யாண வீடியோக்காரன், எனக்கு நாலைந்து வயது மூத்தவன், ஆனால் வாடா போடா சிநேகிதம். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கரண்டு போகும் நேரம், அன்றைய ஏலக்காய் விலை, இவைதான் அவன் சேனலின் நிகழ்ச்சிகள். திரைக்கு அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அதை அடிப்பது அவன் மனைவி வேணி. காலேஜ் முடித்துவிட்டு அத்தா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான், கீழே சோலி இல்லாத நேரமெல்லாம் அந்த அறையில்தான் கிடப்பேன்.

ஒருநாள் குமரேசன் திடுதிப்பென்று சொன்னான்: “மாப்ளே, நாம ஒரு விண்வெளித் தொடர் எடுக்குறோம்டா.”

“எத வச்சு?”

“இந்தக் கேமராதான். மெட்டுல பனி எறங்குனா அது பூமி மாதிரியாடா இருக்கு?”

அது வாஸ்தவம்தான். போடிமெட்டில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவன் மூஞ்சி தெரியாது. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா; தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போய் வருகிற எங்கள் ஊர் சனம் பனிமூட்டத்தை அங்கத்துப் பேச்சில் மஞ்சு என்றுதான் சொல்லும். தொடருக்கு ‘மஞ்சுக் கிரகம்’ என்று பேர் வைத்தான். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்தான் விண்கலம். அடுப்பிலிருந்து பெரிய பெரிய தகரக் குழாய் அந்த அறைக்குள் வளைந்து வளைந்து போகும், இஞ்சின் ரூமுக்கு வேறென்ன வேண்டும்? ராசிங்காபுரத்துக்காரரான ஜீப்பு டிரைவர் பாண்டி அண்ணன் கேப்டன். அவருக்குக் குரல் வெண்கலம், மூளை அவ்வளவு சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது.

சனியன் பிடித்தது தேதியில்தான். டப்பிங் தொடர்களில் பார்த்த மாதிரியே குமரேசனும் ஆரம்பத்தில் பாண்டி அண்ணனை ஒரு நம்பர் சொல்லவைத்தான். நாலாயிரத்துச் சொச்சம், புள்ளி, அப்புறம் ஒரு மூணு. அண்ணன் வாரத்துக்கு ஒரு நம்பரைச் சொன்னார். தேவாரத்திலிருந்து ஒருத்தர் சேனலுக்கு போன் போட்டுக் கேட்டார்: “ஏன்ணே, போன வாரம் பெரிய நம்பரு, இந்த வாரம் சின்ன நம்பரு. கப்பலு ரிவர்சுல போகுதா?” குமரேசனுக்கு அவமானம் தாங்கவில்லை. “நீயாச்சும் ஒரு ஒழுங்கான காலண்டரு போட்டுக் குடுறா மாப்ளே,” என்று என் தலையில் கட்டினான்.

எனக்குத் தெரிந்த காலண்டரைத்தானே நான் போட முடியும்? எங்கள் மாதம் தானாகப் பிறக்காது. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் யாராவது கண்ணால் பிறையைப் பார்த்தால் மறுநாள் புது மாதம். பார்க்கவில்லையென்றால் இன்னும் ஒரு நாள் பழைய மாதமே நடக்கும். போடியில் மேற்கே சுவர் வைத்த மாதிரி மலை நிற்கிறது. இளம்பிறை எங்கள் கண்ணில் படுவதற்குள் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். பள்ளிவாசல் மொட்டை மாடியில் ஏறிக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, வெளியூரிலிருந்து தகவல் வருமா என்று போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். இதையே கொஞ்சம் முறுக்கினேன். மஞ்சுக் கிரகத்தில் யாராவது பிறையைப் பார்த்தால்தான் மாதம் மாறும். மஞ்சு விலகாவிட்டால் அதே மாதம்தான், எத்தனை நாள் ஆனாலும். செய்யாத தப்புக்குச் சிறைப்பட்ட ஒரு கைதி; அடுத்த மாதம் பிறந்தால் அவனுக்கு விடுதலை. மஞ்சோ விலக மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவல்காரனிடம் ஒரே கேள்வி கேட்பான்: “தெரிஞ்சிருச்சா?”

நான் எழுதியதில் ஊர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். ஜீப்பில் ஏறுகிற பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி, “என்னடி, தெரிஞ்சிருச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். ரேசன் கடையில் சீனி வந்ததா என்பதற்கும் அதே கேள்விதான்.

கைதியாக நடித்தவன் சம்சு, என் கூட்டாளி. அவன் மாமா கடையில் தையல்காரன். ஆடம்பரமில்லாத முகம், எலும்பு தெரிகிற உடம்பு, கைதிக்கு வேறு மேக்கப்பே வேண்டாம். அத்தா இல்லாத பிள்ளை. அம்மா ஜெய்த்தூன் மாமிக்கு இவன் ஒருத்தன்தான். விண்வெளி உடுப்பெல்லாம் அவன்தான் ரெக்சினில் தைத்துக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். படப்பிடிப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் கிடையாது. கேட்டுக்குப் பூசுகிற வெள்ளி பெயிண்டை மூஞ்சியில் பூசி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவுவோம். மருந்தடித்த ஏலக்காட்டுக்குள் படுத்து உருளுவோம், ராத்திரிச் சோற்றில் அந்த மருந்து வாடை வரும். இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். அட்டையைத்தான் பொறுக்க முடியாது. காலில் ஏறுவது தெரியாது, கடிப்பது தெரியாது. எதற்கோ குனிந்தால் விரல் இடுக்கில் கொழுத்துத் தொங்கும். பிய்த்தால் கையில் ஒட்டும், கையிலிருந்து பிய்த்தால் மற்ற கையில் ஒட்டும். இதை எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வருஷம் நோம்பு மாதம் கார்த்திகை மழையில் வந்தது. சம்சுவுக்குச் சவுதியில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்து, டிக்கெட்டும் வந்துவிட்டது. இருபத்தொன்பதாம் நோம்புக்கு மறுநாள் மத்தியானம் போடியிலிருந்து பஸ் ஏறினால்தான் கொச்சியில் விமானத்தைப் பிடிக்கலாம். ஆக, இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் காலை பெருநாள் தொழுதுவிட்டு, அம்மா கையால் பிரியாணி தின்றுவிட்டுப் போவான். தெரியாவிட்டால் நோம்போடு பஸ் ஏற வேண்டும், பெருநாள் அவனுக்கு ஆகாயத்தில்தான். மாமி ஒரு வாரமாக எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: “எம்புள்ள பெருநா முடிச்சுட்டுப் போயிட்டா போதும்ப்பா. அப்பறம் எப்ப வருவானோ.”

குமரேசனுக்கு வேறு கவலை. கைதி போய்விட்டால் விடுதலை ஆவது யார்? தெர்மோகோலில் வெட்டிய பிறையைக் காட்ட அவனுக்கு மனசில்லை. “நெச நெலாதான் வேணும்,” என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆக அதே இருபத்தொன்பதாம் நாள், பாண்டி அண்ணன் ஜீப்பில் மெட்டுக்குப் போனோம். அன்றைக்குச் சம்சு பெயிண்ட் வேண்டாமென்று சொல்லிவிட்டான். பெயிண்ட் பூசினால் தோலில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற ஒளு செல்லாது, பொழுது சாய்ந்ததும் மஃரிப் எப்படித் தொழுவது? ஸ்டோர் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டான். தேவைப்பட்டால் கழுவிவிட்டு மறுபடி பூசலாம்.

மெட்டில் ஒரே மஞ்சு. தூக்கி வைத்த கேமரா ஸ்டாண்டின் கால் தெரியவில்லை. டீக்கடை ரேடியோவில் நேரம் பார்த்து நோம்பு திறந்தோம். பேரீச்சம்பழம், தூக்குவாளியில் மாமி கொடுத்துவிட்ட நோம்புக் கஞ்சி. பிளாஸ்டிக் சாக்கை விரித்து நானும் சம்சுவும் தொழுதோம். எழுந்து, சம்சு மறுபடி சாம்பலைப் பூசிக்கொண்டு கம்பிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றான். கதவு என்றால் ஏதோ எஸ்டேட்டின் துருப்பிடித்த கேட். எனக்கு மினுக்குத் தகட்டைப் பிடித்து வெளிச்சம் காட்டுகிற வேலை. தகட்டைத் தூக்கும்போதுதான் தொடை உள்பக்கம் ஏதோ ஈரமாகப் பிசுபிசுத்தது.

ஒன்றல்ல, மூன்று. கைலிக்குள் ஏறியிருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. தகட்டைக் கீழே போட்டுவிட்டு, ச்சீ ச்சீ என்று குனிந்து பிய்க்க ஆரம்பித்தேன். ஒன்றைப் பிய்த்தேன், கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் சம்சு கத்தினான்: “தெரிஞ்சிருச்சு! தெரிஞ்சிருச்சுடா!” குமரேசன், “அசையாத, அசையாத, ஓடுது,” என்று முனகுவது கேட்டது. நான் நிமிர்ந்தபோது எதிரே வெள்ளையாக மஞ்சுதான் இருந்தது.

சம்சு என்னைக் கட்டிப்பிடித்து, என் சட்டை முழுக்கச் சாம்பலை அப்பினான். “பாத்தியாடா மச்சான்? நூலு மாதிரி! மெலிசா!”

குமரேசன் டீக்கடைக்கு ஓடி, சேனலுக்கு போன் போட்டு வேணியிடம் சொன்னான்: “கெடச்சிருச்சு. பிறை தெரிந்தது, நாளை விடுதலைன்னு கீழ ஓடவிடு. வெரசா போடு.” அவன் சொன்னது ஞாயிற்றுக்கிழமைத் தொடருக்கு விளம்பரம். வேணிக்கு நோம்புக் கணக்கு தெரியுமா, இருபத்தொன்பது தெரியுமா? அடித்தாள். அதே இடத்தில்தான் வருஷாவருஷம் பள்ளிவாசல் ஜமாஅத்தின் பிறை அறிவிப்பும் ஓடும். ‘நாளை விடுதலை’ என்பது அப்புறமாக, ஏலக்காய் விலையைத் தாண்டி எங்கோ வந்திருக்கிறது. அதுவரைக்கும் யார் காத்திருந்தார்கள்?

இதெல்லாம் தெரியாமல் நாங்கள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். சம்சு ஜீப்பில் குதித்துக்கொண்டே வந்தான். “ரெண்டு சாட்சி ஆச்சு மச்சான். நீயும் நானும். போதும்ல? அஜரத்து ஒத்துக்கிருவாருல்ல?”

நோம்பு முடிந்து பெருநாள் என்று சொல்ல முஸ்லிம்கள் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஊர் முறை. பாண்டி அண்ணனும் குமரேசனும் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

“நான் பாக்கலடா,” என்றேன்.

சிரித்தான். “சும்மா இருடா.”

“நெசமாத்தான். அட்டை ஏறிருச்சு. குனிஞ்சுக்கிட்டிருந்தேன்.”

அடுத்த வளைவு தாண்டியதும் மெதுவாகச் சொன்னான்: “ஒனக்கு நேராத்தானடா இருந்துச்சு. பாத்துருப்ப. யோசிச்சுப் பாரு.” யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கட்டைவிரலில் ஒட்டிய அந்தக் கருமம்தான் கண்ணுக்குள் வந்தது.

ஊருக்குள் நுழைந்தால் பிள்ளைகள் வெடி போடுகிறார்கள். தெருவில் இஞ்சி பூண்டு வாசனை. கறிக்கடையில் கூட்டம். “பெருநா! பெருநா!” என்று ஒருத்தன் ஜீப்போடு ஓடி வந்தான். யார் பார்த்தது என்று கேட்டால் டிவியில் போட்டுவிட்டார்கள் என்கிறான். குமரேசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பள்ளிவாசல் முன்னால் ஜமாஅத் தலைவர், எங்கள் அத்தா, மற்ற பெரியவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். வெளியூரிலிருந்தும் தகவல் இல்லை, மாநிலம் பூரா மழை. மெட்டுக்கு அந்தப் பக்கத்து முடிவு அவர்களுக்கு, நாங்கள் அதை எடுத்துக்கொள்வதில்லை. எங்களைப் பார்த்ததும் அஜரத்து கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார். அவர்தான் பள்ளிவாசல் இமாம், அதிர்ந்து பேசாத மனுஷன்.

சம்சு சாம்பல் மூஞ்சியோடு அவர் முன்னால் உட்கார்ந்தான்.

“நீ பாத்தியாப்பா?”

“பாத்தேன் அஜரத்து.”

“நடிச்சியா, பாத்தியா?”

“ரெண்டுந்தான் அஜரத்து. ஆனா பாத்தேன். அல்லா மேல ஆணையாப் பாத்தேன்.”

அஜரத்து தலையை ஆட்டினார். அவன் சொல்வதை நம்பினார், அது முகத்தில் தெரிந்தது. “இன்னொருத்தர்?” என்று என் பக்கம் திரும்பினார்.

அப்போது அங்கே நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தா பார்த்தார். சந்துப் பக்கம் பெண்கள் கூட்டத்தில் ஜெய்த்தூன் மாமி முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். சம்சு என்னைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறை இருந்தது என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. உண்மை விளம்பி என்று பேர் வாங்குகிற ஆசையெல்லாம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அவர் ‘பாத்தியா’ என்றுதான் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பாக்கல அஜரத்து. அட்டை கடிச்சுச்சு. குனிஞ்சுக்கிட்டிருந்தேன்.”

ஒருத்தர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. குமரேசன் பாவம், “அய்யா, டேப்புல இருக்குங்கய்யா, போட்டே காட்டுறேன்,” என்று கெஞ்சினான். அஜரத்து, “படம் சாட்சி சொல்லாதுப்பா,” என்றார். ஆனாலும் பெரியவர்கள் மரப்படி ஏறி வந்து பார்த்தார்கள். நிஜமாகவே பிறை. மஞ்சு விலகி, கேட்டுக் கம்பிகளுக்கு மேலே, மெலிசாக. சம்சு கையைத் தூக்கிக் கத்துகிறான். திரையின் இடது ஓரத்தில், கைலியைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தபடி ஒரு பின்புறம். என்னுடையதுதான். பிறை மறுபடி மறைகிறவரை அது நிமிரவே இல்லை. அத்தா தலையில் கை வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அன்றிலிருந்து ரொம்ப காலத்துக்கு ஊரில் எனக்கு அட்டைப் பாய் என்றுதான் பேர்.

பாங்கு சொல்கிற மோதினார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: நாளை நோம்பு. தெரு அப்படியே அடங்கிப்போனது. ஊறப்போட்ட அரிசியை வடிகட்டினார்கள். வாங்கிய கறியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் சத்தம். நான் போகிற வழியெல்லாம், “ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சுருவான்,” என்று காதுபடவே பேசினார்கள்.

மறுநாள் மத்தியானம் மூணாறு வழியாகக் கொச்சி போகும் பஸ்ஸில் சம்சுவை ஏற்றிவிட்டோம். நோம்போடு போனான். பஸ்ஸில் நோம்பு திறக்க மாமி பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவன் என்மேல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “அட்டைகிட்ட சூதானமா இருடா,” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினான். அதற்கடுத்த நாள் எங்களுக்குப் பெருநாள். மாமி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டு, சம்சுவுக்கு வைக்கிற தட்டில் பிரியாணி வைத்தார். “உள்ளதத்தானப்பா சொன்ன. தின்னு.” அழுதுகொண்டேதான் தின்றேன், அவரும் பார்க்காத மாதிரி இருந்தார்.

விடுதலைப் பாகம் ஒரே ஒரு தடவை ஓடியது. கொஞ்ச நாளில் டேப் தட்டுப்பாடு என்று குமரேசன் அதன்மேலேயே ஏதோ ஒரு புதுமனை புகுவிழாவைப் பதிந்துவிட்டான். நிஜப் பிறைமேல் பந்தியும் பாயசமும்! கேட்டபோது, “போகட்டும்டா, அத பாத்தாலே வயிறு எரியுது,” என்றான். சேனல் போய்விட்டது. அந்த அறையில் இப்போது செல்போன் கவர் குவித்து வைத்திருக்கிறார்கள், அந்த ரப்பர் நாற்றத்துக்கு ஏலக்காய் மணமே தோற்றுவிட்டது. பள்ளிவாசல் மொட்டை மாடியில் கழுத்து வலிக்க நிற்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கஞ்சி குடித்து முடிப்பதற்குள் செல்போனில் பூவும் பட்டாசுமாகப் பெருநாள் வாழ்த்து வந்து விழுகிறது, நஸ்ரினின் தொடரில் தேதி விழுகிற மாதிரியே. எவன் பார்த்தான், எங்கே நின்று பார்த்தான் என்று கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மாமியும் இல்லை. சம்சு முதல் லீவில் வருவதற்கு முன்பே மவுத்தாகிவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்தும் இடிபட்டுவிட்டது. சம்சு போன பிறகு முதல்முதலாகப் பேசியது அந்த பூத்துக்குத்தான். மாமியைக் கூட்டிக்கொண்டு போனது நான்.

கண்ணாடிக் கதவுக்குள் மாமி கத்திக் கத்திப் பேசினார். “பெருநாத் தொழுக தொழுதியாப்பா? சாப்புட்டியா?” என்று கேட்டு, அவன் சொன்னதையெல்லாம் திரும்பி என்னிடம் ஒப்பித்தார். பெரிய மைதானத்தில் தொழுதானாம். ஒட்டகக் கறிப் பிரியாணியாம். முதலாளி புதுச்சட்டை கொடுத்தாராம். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அப்புறம் ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

“மச்சான், அம்மா தள்ளி நிக்கிறாங்களா?” என்றான் சம்சு.

“ம்.”

“பஸ்சு மெட்டத் தாண்டுனா அந்தப் பக்கம் அன்னிக்கே பெருநாடா. பூப்பாறையில பிள்ளைகெல்லாம் புதுச்சட்டையோட நிக்கிதுக. நான் நோம்போட உக்காந்துருக்கேன். மறுநா உங்களுக்கு, நான் ஏர்போர்ட்டுல வரிசையில நிக்கிறேன். இங்க வந்து எறங்குனா, முந்துன நாளே முடிஞ்சிருச்சாம். எல்லாம் பூட்டிக் கெடக்கு. எனக்கு இந்த வருசம் பெருநாளே கெடையாதுடா. அம்மாட்ட சொல்லிராத.”

லைன் கட்டானது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, நல்லாத் தொழுதானாமா?”

“ஆமா மாமி,” என்றேன். “பெரிய மைதானமாம்.”

“அல்ஹம்துலில்லா,” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.